ஒரு துணைக்கோளம், பல பயனாளர்: பகிர்வும் முறையும்

2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பிஎஸ்எல்வி-சி56 என்னும் ஏவூர்தி, சிங்கப்பூரின் டிஎஸ்-சார் துணைக்கோளத்தை அதன் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 360 கிலோகிராம் எடையுள்ள அத்துணைக்கோளம் ஏறத்தாழ 535 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் சுற்றுவதற்கென அனுப்பப்பட்டது. மேகத்தையும் இரவையும் ஊடுருவிப் படமெடுக்கும் ரேடார் ஒன்று அதில் உள்ளது. தற்காப்பு அறிவியல், தொழில்நுட்ப அமைப்பும் எஸ்டி எஞ்சினியரிங் நிறுவனமும் இணைந்து அதனை உருவாக்கின. அதன் படங்கள் அரசாங்க அமைப்புகள் பலவற்றுக்கும், அந்நிறுவனத்தின் வணிக வாடிக்கையாளர்க்கும் பயன்படும் என்று ஏவுதலின்போதே அறிவிக்கப்பட்டது.

ரேடார் ஒன்று, அதை நாடுவோர் பலர். இத்தகைய துணைக்கோளத்திடம் ஒரே வேளையில் இருவர் இருவேறு இடங்களின் படத்தைக் கேட்டால், முதலில் யாருக்குக் கிடைக்கும்? அதை முடிவு செய்பவர் யார்? எந்த விதியின்படி முடிவு செய்வார்? துணைக்கோளங்களைப் பற்றிய செய்திகள் அவற்றின் எடையையும் உயரத்தையும் விரிவாகச் சொல்லும்; இக்கேள்விகளைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இப்பொழிவு இவற்றையே எடுத்துக்கொள்கிறது.

மொழியியல் பயின்ற நாம் விண்ணியலுக்குள் ஏன் புகவேண்டும் என அவையோர் வினவுதல் இயல்பே. ஒரு துணைக்கோளத்தைப் பலர் பகிரும்போது, அப்பகிர்வு விண்ணில் நிகழ்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே தாளில் நிகழ்ந்துவிடுகிறது. யாருக்கு எவ்வளவு, எப்பொழுது, எந்நிலையில் அது கைவிட்டுப் போகும் என்பனவெல்லாம் ஒப்பந்தச் சொற்களில் அடங்கியுள்ளன. அச்சொற்களைத் தமிழில் தெளிவுறச் சொல்ல இயன்றால்தான், தமிழ் வழியே உலகைப் படிப்போர் அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்க இயலும்.

பெயர்கள் முதலில்

தமிழ்நாட்டு ஏடுகள் பெரும்பாலும் செயற்கைக்கோள் என்று எழுதுவதை நம் வட்டார ஏடுகள் துணைக்கோளம் என்றும் எழுதுகின்றன. இரண்டும் நல்ல சொற்களே. இங்கு நமக்குப் பழகிய சொல்லையே ஆள்கிறோம்.

துணைக்கோளம் எதுவாயினும் அதனை இரு பகுதிகளாகப் பிரித்துக் காணலாம். ஒன்று உடற்பகுதி. கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் பெறுதல், அதனைச் சேமித்தல், வெப்பத்தை அளவோடு வைத்தல், துணைக்கோளம் எத்திசையை நோக்க வேண்டுமோ அத்திசையில் நிறுத்துதல், தரை நிலையத்தோடு பேசுதல் ஆகியவை அதன் வேலைகள். மற்றொன்று, எதற்காக அத்துணைக்கோளம் அனுப்பப்பட்டதோ அந்த வேலையைச் செய்யும் கருவி. அது படக்கருவியாகலாம், ரேடாராகலாம், தரையிலிருந்து வரும் அலையை வாங்கி, வலுவேற்றித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டராகலாம். இதனையே ஆங்கிலத்தில் பேலோட் என்பர். வாகனத்தில் ஏறும் சுமையுள் வருவாய் ஈட்டித்தரும் பகுதியைக் குறிக்கப் பிறந்த சொல் அது.

தமிழில் இதற்குத் தாங்குசுமை என்னும் சொல்லும் பயன்சுமை என்னும் சொல்லும் வழங்குகின்றன. தாங்குசுமை என்றால் பார்வை வாகனத்தின் பக்கம் நிற்கிறது: அது எதனைத் தாங்குகிறது என்பதே செய்தி. பயன்சுமை என்றால் பார்வை பயனாளரின் பக்கம் திரும்புகிறது: எதனால் பயன் விளைகிறது என்பதே செய்தி. நம் பொருள் பயனைப் பகிர்வது பற்றியதாதலின், பயன்சுமை என்பதையே கொள்கிறோம்.

இன்னொரு சொல்லையும் உறுதி செய்துகொள்வோம். துணைக்கோளத்தை இயக்கி, பயனாளர்க்கு அதன் பயனைச் சேவையாக வழங்குபவரை இயக்குநர் என்று எழுதுவாரும் உளர். ஆனால் இயக்குநர் என்றதும் திரைப்பட இயக்குநரும் நிறுவன இயக்குநரும் முன்வந்து நிற்பர். ரயில் சேவைக்கும் பேருந்துச் சேவைக்கும் நம் ஏடுகள் நடத்துநர் என்னும் சொல்லை ஆண்டு பழகிவிட்டன. எனவே சேவை நடத்துநர் என்பதே இங்கும் பொருந்தும். நடத்துநர் துணைக்கோளத்தின் உடைமையாளராகவும் இருக்கலாம். உடைமையாளருக்காகப் பணிசெய்பவராகவும் இருக்கலாம். இவ்வேறுபாடு பின்னர் முதன்மை பெறும்.

ஏன் பகிர வேண்டும்?

ஒரு நாட்டுக்கு வானிலைக் கருவி ஒன்று விண்ணில் தேவை என்று வைத்துக்கொள்வோம். கருவி ஒரு பெட்டியளவே இருக்கலாம். ஆனால் அதனைத் தனியே அனுப்ப ஓர் உடற்பகுதி வேண்டும்; ஏவூர்தியில் இடம் வேண்டும்; தரை நிலையமும் அதனைக் காக்கும் பணியாளரும் வேண்டும்; காப்புறுதி வேண்டும். கருவியின் விலையைவிட அதனைச் சுமந்து காக்கும் செலவு பன்மடங்காகிவிடும்.

பணத்தைத் தவிர இடமும் ஒரு காரணம். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோளம், பூமியின் சுழற்சியோடு இணைந்து சுற்றுவதால் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதுபோல் தோன்றும். வீட்டுக் கூரையில் பொருத்திய வட்டுத் தட்டைத் திருப்பாமலேயே தொலைக்காட்சி பார்க்க முடிவது அதனால்தான். அவ்வுயரத்தில் உள்ள வளையம் ஒன்றே. அதில் ஒன்றன் அலை மற்றொன்றன் அலையைக் கெடுக்காதபடி இடங்களும் அலைவரிசைகளும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழியாக, நாடுகளின் பெயரால் பதிவு பெறுகின்றன. காலந்தாழ்த்தி வந்த நாடுகளுக்கு, முன்பே இடம் பெற்றவரின் துணைக்கோளத்தில் ஒரு மூலை கிடைப்பதே பல வேளைகளில் எளிய வழி.

மறுபக்கத்தில் உடைமையாளருக்கும் நன்மை உண்டு. வணிகத் தொலைத்தொடர்புத் துணைக்கோளம் ஏறத்தாழ 15 ஆண்டுகள் உழைக்கும்படி அமைக்கப்படுகிறது. இறுதி ஆண்டுகளிலும் மின்சாரம் போதவேண்டும் என்பதற்காகத் தொடக்கத்தில் சற்று மிகுதியாகவே மின்திறன் இருக்கும். வாடிக்கையாளர் எல்லாரும் முதல்நாளே வந்துவிடுவதும் இல்லை. மிகையான திறனையும் இடத்தையும் பிறருக்குத் தந்தால் செலவில் ஒரு பங்கு முன்கூட்டியே திரும்பி வந்துவிடும்.

பகிர்வின் நான்கு வகை

பகிர்தல் என்னும் ஒரு சொல்லால் நாம் குறிப்பவை உண்மையில் நான்கு வேறு ஏற்பாடுகள். அவற்றைப் பிரித்துக் காணாவிடில் உரிமையும் பொறுப்பும் குழம்பிப்போகும்.

முதலாவது கூட்டுடைமை. 1998ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஏவப்பட்ட எஸ்டி-1 துணைக்கோளத்தைச் சிங்டெல் நிறுவனமும் தைவானின் சுங்வா டெலிகாம் நிறுவனமும் கூட்டாக உடைமை கொண்டன. அதன் வழித்தோன்றலாகிய எஸ்டி-2, 2011 மே 20ஆம் நாள் ஏவப்பட்டது. இங்கே இருவரும் உடைமையாளர். இழப்பு வந்தாலும் இருவருக்கும். முடிவெடுப்பதிலும் இருவருக்கும் பங்குண்டு.

இரண்டாவது குத்தகை. துணைக்கோளம் ஒருவருடையது, அதன் டிரான்ஸ்பாண்டர்களைப் பிறர் காலவரையறையோடு பெற்றுப் பயன்படுத்துவர். மலேசியாவில் 1996ஆம் ஆண்டு முதல் ஆஸ்ட்ரோவின் அலைவரிசைகள் மியாசாட் துணைக்கோளங்களின் வழியே வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அடைமழையில் படம் உறைந்து நிற்பதைக் கண்டவர்கள், வானொலி அலைக்கும் மழைத்துளிக்கும் உள்ள பகையை நேரில் அறிந்தவர்கள். குத்தகை சிறு பகுதிக்கும் ஆகலாம், முழுமைக்கும் ஆகலாம். 2022 ஜூனில் ஏவப்பட்ட ஜிசாட்-24 துணைக்கோளத்தின் முழுத்திறனையும் டாட்டா பிளே என்னும் ஒரே நிறுவனம் குத்தகைக்கு எடுத்தது.

மூன்றாவது, ஒருவருடைய துணைக்கோளத்தில் மற்றொருவர் தம் கருவியையே கொண்டுவந்து பொருத்துவது. ஜிசாட்-24 புறப்பட்ட அதே ஏரியான்-5 ஏவூர்தியில் மலேசியாவின் மியாசாட்-3டி துணைக்கோளமும் சென்றது. அதில் தென்கொரியாவின் காஸ் திட்டத்துக்குரிய பயன்சுமையும் உள்ளது. ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் நேரும் சிறுபிழைகளைத் திருத்தி, கொரிய வான்பரப்பில் வானூர்திகளுக்கு வழிகாட்ட உதவும் ஏற்பாடு அது. ஒரே ஏவூர்தியில் சென்ற இரண்டில் ஒன்று முழுவதும் ஒருவர் குத்தகையில். மற்றொன்றில் அயல்நாட்டுக் கருவி ஒரு மூலையில்.

ஆங்கிலத்தில் இம்மூன்றாம் வகையை விருந்தோம்பலோடு தொடர்புடைய சொல்லால் குறிப்பர். அதனை அப்படியே பெயர்த்து விருந்துச்சுமை என்றால் தமிழில் பொருள் திரிந்துவிடும். விருந்தினர் வாடகை தருவதில்லை. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதும் இல்லை. இங்கு நடப்பது குடிவைத்தல். வீட்டுக்காரர் தம் வீட்டின் ஓர் அறையைப் பிறருக்கு விடுகிறார். குடிவந்தவர் தம் தட்டுமுட்டுப் பொருளோடு வருகிறார். மின்சாரமும் தண்ணீரும் வீட்டுக்காரர் வழியே. ஆகவே இதனைக் குடிவைத்த பயன்சுமை என்போம்.

நான்காவது முறைப்பகிர்வு. கருவியும் ஒன்றே, அதனைப் பயன்படுத்துவோர் முறைவைத்துப் பயன்படுத்துவர். தொலைத்தொடர்பில் ஒரே அலைவரிசையை நொடியின் நுண்பகுதிகளாக்கி, ஒவ்வொரு தரை நிலையத்துக்கும் அதற்குரிய நொடிப்பகுதியில் மட்டும் பேச இடமளிப்பது இவ்வகையே. படமெடுக்கும் துணைக்கோளத்தில் ஒவ்வொரு சுற்றிலும் கருவியின் நேரத்தைப் பலருக்குப் பிரித்துத் தருவதும் இவ்வகையே.

அண்மைக்காலத்தில் இவ்வகைகளைக் கலந்து, பகிர்வதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட நடத்துநரும் தோன்றியுள்ளனர். 2017இல் தொடங்கப்பட்ட லாஃப்ட் ஆர்பிட்டல் நிறுவனம் அத்தகையது. அது உடற்பகுதிகளை ஆயத்தமாக வாங்கி, எக்கருவியையும் பொருத்தவல்ல இணைப்பியின் வழியே வெவ்வேறு வாடிக்கையாளரின் பயன்சுமைகளை ஒரே துணைக்கோளத்தில் ஏற்றுகிறது. அதன் முதல் இரு துணைக்கோளங்கள் 2021 ஜூனில் ஏவப்பட்டன. வாடிக்கையாளர் துணைக்கோளத்தை இயக்கக் கற்க வேண்டியதில்லை. தம் கருவிக்குக் கட்டளை அனுப்பி, விளைவைப் பெற்றுக்கொள்ளலாம்.

பயன்முடிந்த பொருளையே பகிர்வீடாக்கும் முயற்சியும் உண்டு. 2022 ஜூன் 30ஆம் நாள் பிஎஸ்எல்வி-சி53 ஏவூர்தி, சிங்கப்பூரின் டிஎஸ்-இஓ, நியூசார், ஸ்கூப்-1 ஆகிய மூன்று துணைக்கோளங்களை விண்ணில் விட்டது. விட்டபின் வழக்கமாக வெற்றுக்கூடாகச் சுற்றும் அதன் நான்காம் அடுக்கு, இம்முறை கதிரவத் தகடுகளும் நிலைநிறுத்தும் கருவிகளும் பெற்று, ஆறு பயன்சுமைகளுக்கு இடமளிக்கும் தளமாயிற்று. போயம் என்பது அதன் பெயர். சொந்தத் துணைக்கோளம் இல்லாத இளம் நிறுவனங்களின் கருவிகளும் அவற்றுள் அடங்கும்.

முறை வைப்பவர்

முறைப்பகிர்வில் நடத்துநரின் பணியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நிலநடுக்கோட்டை ஒட்டிய தாழ்பாதையில் சுற்றும் படத்துணைக்கோளம் ஒன்று நம் வட்டாரத்தின் மேலே ஏறத்தாழ 100 நிமிடங்களுக்கு ஒருமுறை வரும். அதன் வேகம் நொடிக்கு 7.6 கிலோமீட்டர் அளவு. மலாக்கா நீரிணையில் எண்ணெய் கசிந்திருக்கிறதா எனக் கடல்துறை அமைப்பொன்று பார்க்க விரும்புகிறது. அதே நாளில் கிளந்தானில் வெள்ளம் எங்கு வரை பரவியுள்ளது என மீட்புப்பணியாளர் அறிய விரும்புகின்றனர். செம்பனைத் தோட்ட நிறுவனம் ஒன்று தன் மாதாந்தரப் படத்துக்கு முன்பே பணம் கட்டியுள்ளது. துணைக்கோளம் இம்மூன்று இடங்களையும் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும்.

கருவியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் திருப்ப நேரம் வேண்டும். ரேடார் மிகுதியாக மின்சாரம் உண்பதால் ஒரு சுற்றில் சில நிமிடங்களே இயங்க முடியும். எடுத்த படத்தைச் சேமிக்க நினைவகம் வேண்டும். தரை நிலையத்தின் பார்வையில் இருக்கும் சில நிமிடங்களுக்குள் அதனை இறக்கியாக வேண்டும். ஆக, பகிரப்படும் பொருள் ஒன்றன்று: நோக்கும் திசை, மின்சாரம், நினைவகம், இறக்கும் நேரம் என நான்கும் பகிரப்படுகின்றன. இவற்றுள் எது குறைந்தாலும் ஒருவர் காத்திருக்க வேண்டும்.

நடத்துநர் வேண்டுகோள்களைக் குறித்த நேரம்வரை பெறுகிறார். ஒவ்வொன்றும் இச்சுற்றில் இயலுமா எனக் கணிக்கிறார். இயலுவனவற்றை முதன்மை வரிசைப்படி அடுக்குகிறார். மோதல் உள்ள இடத்தில் ஒன்றை ஒத்திவைக்கிறார். பின்னர் கட்டளைகளைத் துணைக்கோளத்துக்கு அனுப்பி, இறங்கிய தரவை அவரவரிடம் சேர்க்கிறார். ஒருவர் என்ன கேட்டார் என்பது மற்றவருக்குத் தெரியாமல் காப்பதும் அவர் கடன். எந்த இடத்தை ஒருவர் அடிக்கடி பார்க்கிறார் என்பதே பல வேளைகளில் மறைபொருளாகும்.

இவ்வரிசையில் அறிவியலால் முடிவு செய்ய இயலாத படி ஒன்றே: முதன்மை வரிசை. வெள்ளம் முன்னா, எண்ணெய்க்கசிவு முன்னா, முன்பணம் கட்டியவர் முன்னா என்பதைக் கணினி தானாகச் சொல்லாது. மனிதர் முன்பே எழுதிவைத்த விதியையே அது பின்பற்றும். நடத்துநரே உடைமையாளராகவும், தாமே ஒரு பயனாளராகவும் இருப்பின், அவ்விதியை எழுதியவரும் அதனால் பயன்பெறுபவரும் ஒருவராகிவிடுவர்.

வீட்டுக்காரரின் விதி, குடிவந்தவரின் விதி

குடிவைத்த பயன்சுமையில் சிக்கல் வேறுவகை. குடிவந்தவர் வீட்டுக்காரரின் நல்வினை தீவினை இரண்டிலும் பங்குகொள்கிறார்.

மேல்வளிமண்டலத்தை ஆராய நாசா உருவாக்கிய கோல்ட் என்னும் கருவி, வணிகத் தொலைத்தொடர்புத் துணைக்கோளமாகிய எஸ்இஎஸ்-14இல் குடிவைக்கப்பட்டது. 2018 ஜனவரி 25ஆம் நாள் அதனை ஏற்றிச்சென்ற ஏரியான்-5 ஏவூர்தி, தொடக்கத்திலேயே திசை விலகிச் சென்றது. துணைக்கோளம் திட்டமிட்டதைவிட மிகச் சாய்வான பாதையில் விடப்பட்டது. அதன் மின்னுந்துப் பொறிகளைக் கொண்டு உடைமையாளர் அதனைப் படிப்படியாக உரிய இடத்துக்குக் கொண்டுசேர்த்தனர். அவ்வாண்டு அக்டோபரில் கோல்ட் தன் ஆய்வைத் தொடங்கியது. வீட்டுக்காரருக்கு வீட்டைக் காக்கும் திறனும் தேவையும் இருந்தன, குடிவந்தவரும் பிழைத்தார்.

மாறான நிலையும் உண்டு. 2014 செப்டம்பரில் ஏவப்பட்ட மியாசாட்-3பி துணைக்கோளத்தில் ஆஸ்திரேலிய நிறுவனமொன்றின் ஜபிரு-2 பயன்சுமை இடம்பெற்றிருந்தது. மறு ஆண்டே அந்நிறுவனம் நொடித்துப்போயிற்று. தரையில் வாடகையாளர் வெளியேறினால் அறையைக் காலிசெய்து வேறொருவருக்கு விடலாம். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் எவரும் பொருளை எடுத்துக்கொண்டு வெளியேற முடியாது. குடிவந்தவர் இல்லாதபோது அவர் கருவியை யார் பயன்படுத்தலாம் என்பதும் ஒப்பந்தத்தில் முன்பே எழுதப்பட வேண்டிய ஒன்று.

ஒரு வானூர்தியும் பல துணைக்கோளங்களும்

பகிர்வு எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை நம் வட்டாரம் மறக்கவியலாத ஒரு நிகழ்வின் வழியே காணலாம். 2014 மார்ச் 8ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் புறப்பட்ட எம்எச்370 வானூர்தி 239 பேருடன் மறைந்தது. தன் அடையாளத்தைத் தரைக்குச் சொல்லும் கருவி அதில் ஓய்ந்துவிட்டது. ஆயினும் காலை 8.19 வரை அவ்வானூர்தி விண்ணில் இருந்த ஒரு பகிர்வுத் துணைக்கோளத்தோடு இடையிடையே கைகுலுக்கிக்கொண்டிருந்தது. இன்மார்சாட் நிறுவனத்தின் அத்துணைக்கோளம் இடங்காட்டுவதற்கென அமைந்ததன்று. கப்பல்களும் வானூர்திகளும் பலரும் பகிர்ந்த செய்தித்தொடர்புக் கருவி. இணைப்பு உயிரோடுள்ளதா எனச் சரிபார்க்கும் சிறு குறிப்புகளை நடத்துநர் சேமித்துவைத்திருந்ததால்தான், தேடலை இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்குத் திருப்பிய கணக்கு பிறந்தது.

அந்நிகழ்வுக்கு முன்பே, 2011இல், ஏரியான் நிறுவனம் தோன்றியிருந்தது. இதனை ஏரியான் ஏவூர்தியோடு குழப்பிக்கொள்ளலாகாது. வானூர்திகள் தாமே அறிவிக்கும் இடம், உயரம், வேகம் ஆகியவற்றை விண்ணிலிருந்து கேட்பது அதன் திட்டம். தரையில் உள்ள கேட்புநிலையங்கள் சில நூறு கிலோமீட்டருக்கு மேல் கேட்கா. பெருங்கடலின் நடுவில் நிலையம் அமைக்க இடமில்லை. இதற்கென அந்நிறுவனம் தனித் துணைக்கோளங்கள் அனுப்பவில்லை. ஏறத்தாழ 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் 66 இரிடியம் துணைக்கோளங்களில் தன் கேட்புக்கருவிகளைக் குடிவைத்தது. 2017 ஜனவரி முதல் 2019 ஜனவரி வரை மாற்றுக்கோளங்களும் சேர்த்து 75 அனுப்பப்பட்டன. அவற்றுள் பலவற்றில் கப்பல்களின் அடையாளத்தைக் கேட்கும் கருவி மூன்றாமவராகக் குடியேறியுள்ளது.

விண்ணிலிருந்து கேட்க அலைவரிசை உரிமை வேண்டும். 2015 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு 1087.7 முதல் 1092.3 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை இதற்கு ஒதுக்கியது. 2017இல் மலேசிய வானூர்தி நிறுவனம் இவ்வகைக் கண்காணிப்பைத் தன் வானூர்திகளுக்குப் பெற முன்வந்தது. சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமும் இதன் பயனாளர்களுள் ஒன்று.

இங்கு ஓர் உண்மையை மறைக்கலாகாது. வானூர்தி பேசினால்தான் துணைக்கோளம் கேட்கும். அடையாளக் கருவி ஓய்ந்த வானூர்தியை, எம்எச்370ஐப் போன்ற ஒன்றை, இக்கருவிகளும் காணமாட்டா. ஆனால் எந்த நொடியில், எந்த இடத்தில் பேச்சு நின்றது என்பதைக் கடலின் நடுவிலும் சொல்லும். தேடத் தொடங்கும் இடம் தெரிவது தேடுவோருக்கும் காத்திருப்போருக்கும் சிறிதன்று. அவ்விடம் சொல்லும் கருவி, தொலைபேசிச் சேவைக்கென அனுப்பிய துணைக்கோளத்தின் ஒரு மூலையில் குடியிருக்கிறது. துணைக்கோளத்தின் மின்சாரம் குறையும் நாளில் எது முதலில் அணைக்கப்படும் என்பது, அப்பொழுது வெறும் வணிகக் கேள்வியாக இராது.

ஒப்பந்தச் சொற்கள்

துணைக்கோளத் திறனைக் குத்தகைக்கு விடுவோர் பொதுவாக மூன்று படிநிலைகளை வழங்குகின்றனர். ஒன்றில், உங்கள் டிரான்ஸ்பாண்டர் பழுதானால் மாற்று ஒன்று உறுதியாகத் தரப்படும். இரண்டாவதில், மாற்றுத் தரப்படாது. ஆனால் உங்களுடையதைப் பிறருக்காக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். மூன்றாவதில், மேற்படியில் உள்ளவருடையது பழுதானால் உங்களுடையதை எடுத்து அவருக்குத் தந்துவிடலாம். மூன்றாவது விலை குறைந்தது. முதற்படியில் தரப்படும் உறுதிக்குள்ளேயே மூன்றாம் படியின் இழப்பு ஒளிந்திருக்கிறது.

இவற்றைத் தமிழில் காப்புடைக் குத்தகை, நிலைக் குத்தகை, மீட்கத்தக்க குத்தகை எனலாம். மூன்றுக்கும் குத்தகை என்னும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, வேறுபாட்டை அடிக்குறிப்பில் தள்ளும் செய்தியோ மொழிபெயர்ப்போ பயனாளருக்கு உதவாது. நிறைவேற்றப்படும் என்பதும் இயன்றவரை நிறைவேற்றப்படும் என்பதும் அவ்வாறே. ஒரு சொல் கூடியதால், பேரிடர் நாளில் ஒரு படம் கிடைக்காமல் போகலாம்.

தமிழில் இவ்வேறுபாடுகளுக்கு இடமில்லை எனக் கருதுவோர் நம் வேர்ச்சொற்களைப் பார்க்கவேண்டும். பகு என்னும் வேரிலிருந்து பகுதி, பங்கு, பகிர்வு, பாதி எனச் சொற்கள் கிளைத்தன. பகல் என்பதையும் அறிஞர் அவ்வேரோடு சேர்ப்பர். பொருளைப் பகுப்பதற்கும் காலத்தைப் பகுப்பதற்கும் நம் மொழி ஒரே வேரை ஆண்டிருக்கிறது. பங்கு என்றால் உடைமையில் ஒரு கூறு. அது எஸ்டி-1இல் நாம் கண்டது. பகிர்வு என்றால் உடைமை எவருடையதாயினும் பயனில் ஒரு கூறு. குத்தகை என்றால் விளைச்சல் எதுவாயினும் குறித்த தொகை தந்து பெறும் பயனுரிமை. இம்மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடாதிருத்தலே தெளிவின் முதற்படி.

முறை என்னும் சொல் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அதற்குத் தடவை என்று பொருள். வரிசை என்று பொருள். ஒழுங்கு என்று பொருள். நீதி என்றும் பொருள். ஏரிநீரை வயல்களுக்கு முறைவைத்துப் பாய்ச்சிய வழக்கில் இப்பொருள்கள் அனைத்தும் ஒருங்கே நின்றன. மடையைத் திறப்பவர் தமக்கென ஒரு வயல் வைத்திருந்தாலும், தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே அவ்வழக்கின் உயிர். துணைக்கோளத்தின் சேவை நடத்துநர் நிற்கும் இடம் அதுவே. அவர் வைப்பது முறை. அது எல்லாருக்கும் தெரிந்த முறையாக இருந்தால் நீதியும் ஆகும்.

நிறைவாக

இனி ஒரு நாடோ நிறுவனமோ துணைக்கோளத்தைப் பகிரப்போவதாகச் செய்தி வரும்போது, ஐந்து கேள்விகளை மனத்தில் கொள்வோம். இது பங்கா, குத்தகையா, குடிவைத்தலா, முறைப்பகிர்வா? நடத்துநர் தாமும் ஒரு பயனாளரா? மோதல் வந்தால் முதன்மை யாருக்கு, அது எழுதப்பட்டுள்ளதா? பழுதோ மின்குறைவோ நேர்ந்தால் முதலில் இழப்பவர் யார்? ஒரு தரப்பு நொடித்துப்போனால் அதன் கருவியும் தரவும் யார் கையில் சேரும்?

இக்கேள்விகளைக் கேட்க விண்ணியல் பட்டம் வேண்டியதில்லை. ஒரே அடுக்குமாடியில் மின்தூக்கியைப் பலரும் பயன்படுத்தி, பழுதானால் யாரை அழைப்பது என அறிந்து வாழ்பவர்கள் நாம். சிறிய நாடுகள் தமக்கெனத் தனித்தனியே எல்லாக் கருவிகளையும் விண்ணில் வைத்திருக்க இயலாது, பகிர்ந்தே வாழவேண்டும். பகிர்ந்து வாழ்வதற்கு, வரும் முன்பே முறையைச் சொல்லிவைக்கும் மொழி வேண்டும். அம்மொழியாகத் தமிழும் இருக்க முடியும் என்பதை அன்றாடச் செய்திகளிலும் வகுப்பறைகளிலும் இச்சொற்களைப் பிழையின்றி ஆண்டு காட்டவேண்டிய கடமை நம்முடையது.